சால்வை போட்டாச்சு, அப்புறம்? வட சென்னை சபைகள்ல முதியோர் ஊழியம் எங்க நிக்குது

வட சென்னையில எந்த சபைக்கு போய் "உங்க கிட்ட முதியோர் ஊழியம் இருக்கா"னு கேட்டாலும் இருக்குன்னு தான் சொல்வாங்க, அது பொய்யும் இல்ல. வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, எழுபது தாண்டினவங்களை எல்லாம் முன்னாடி கூப்ட்டு தாத்தாக்கு சால்வை, ஆயாக்கு புடவை, ஆயரோட (பாஸ்டரோட) ஒரு குரூப் போட்டோ, வெளிய பந்தல்ல பிரியாணி. கத்தோலிக்க பங்குகள்ல 2021-ல இருந்து இதுக்குன்னு ஒரு நாளே இருக்கு, ஜூலை மாசம் நாலாவது ஞாயிறு, இயேசுவோட தாத்தா பாட்டி சுவக்கின் அன்னம்மாள் திருநாளை ஒட்டி வரட்டும்னு போப் பிரான்சிஸ் அறிவிச்சது. சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகள்ல அவங்கவங்க வசதிக்கு ஒரு ஞாயிறு. எனக்கு இந்த விழா மேல எந்த கோவமும் இல்ல, பிரியாணி மேல சுத்தமா இல்ல. ஆனா அன்னைக்கு சால்வை வாங்க யார் வர்றாங்கன்னு கொஞ்சம் கவனிச்சு பாருங்க. நடந்து வர முடிஞ்சவங்க, கூட்டிட்டு வர ஆள் இருக்குறவங்க. மூணாவது மாடியில கட்டில்ல இருக்குற ஆயாக்கு அந்த புடவை யாராவது எடுத்துட்டு போய் குடுத்தா உண்டு, இல்லன்னா கமிட்டி ரூம் பீரோவுலயே அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கும்.

முதியோர் ஊழியம் உருப்படியா நடக்கணும்னா முதல்ல பண்ண வேண்டியது, சர்ச்சுக்கு வர்றத நிறுத்திட்டவங்க யாரு, ஏன் நிறுத்துனாங்கன்னு கண்டுபிடிக்கிறது. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் தானா வரும். இது ஒண்ணும் புது ஐடியா இல்ல, பைபிள்ல அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்துலயே தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் (தினசரி உதவியில) திட்டமாய் விசாரிக்கப்படவில்லைன்னு முறுமுறுப்பு வருது, அதுக்காகவே ஏழு பேரை போடுறாங்க. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அறுபது வயசுக்கு குறையாத விதவைகளை கணக்குல சேக்க சொல்றாரு. அப்போ முதல் நூற்றாண்டுலயே வயசு பாத்து லிஸ்ட் வெச்சிருக்காங்க. நம்ம சபையில சந்தா (உறுப்பினருங்க சபைக்கு கட்டுற பணம்) ரெஜிஸ்டர் இருக்கு, எலெக்‌ஷன் வந்தா ஓட்டர் லிஸ்ட் ஒரு பேரு விடாம ரெடியா இருக்கும் (செத்தவங்க பேரு கூட சில சமயம் இருக்கும், அது வேற கதை), ஆனா எழுபது தாண்டினவங்க எத்தனை பேரு, அதுல யாரு தனியா இருக்காங்க, யாரு மூணு மாசமா திருவிருந்து (கம்யூனியன்) எடுக்கலன்னு கேட்டா எழுத்துல எதுவும் கிடையாது. ஆயர் மனசுல கொஞ்சம் இருக்கும், அவரும் டிரான்ஸ்பர்ல போகும்போது அதையும் சேத்து எடுத்துட்டு போய்டுவாரு.

லிஸ்ட் எதுக்கு இவ்ளோ முக்கியம்னா கூட்டம் ஏறிட்டே போகுது. 2011 சென்சஸ் படி தமிழ்நாட்டுல அறுபது தாண்டினவங்க 10.4 சதவீதம், 2021-க்கு போட்ட கணிப்புல 13.6, கேரளாவுக்கு அடுத்து நாம தான். சபைக்குள்ள இது இன்னும் அதிகமா தெரியும், ஏன்னா வட சென்னையில கல்யாணம் ஆன பசங்க வாடகை கட்டுப்படியாகாம மாதவரம், ரெட்ஹில்ஸ், மீஞ்சூர், ஆவடின்னு போய்டுறாங்க, அங்கயே பக்கத்துல ஒரு சர்ச்சு பாத்து செட்டில் ஆகிடுறாங்க. ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை சந்துல இருக்குற பழைய வீட்டுல அப்பா அம்மா மட்டும். ஞானஸ்நானம் எடுத்தது, கல்யாணம் நடந்தது எல்லாம் இந்த கோவில்ல தான், அதனால அவங்களுக்கு வேற சபைக்கு போற எண்ணமே வராது. வர முடியலன்னா வீட்டுலயே இருந்துடுவாங்க.

இந்த வயசானவங்க யாருன்னும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா அவங்க பாத்த வேலை தான் இன்னைக்கு அவங்க உடம்பா இருக்கு. பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி சபைகள்ல பின்னி மில்லு ஆளுங்க இருப்பாங்க, பி அண்ட் சின்னு சொல்ற பக்கிங்ஹாம் கர்நாடிக் மில், 1996-ல மூடினது. அதுல நாப்பது வயசுல வேலை போனவருக்கு இன்னைக்கு எழுபது. 1955-ல இருந்து ஓடுற ரயில் பெட்டி ஃபேக்டரி ஐசிஎஃப், பெரம்பூர் லோகோ, கேரேஜ் ஒர்க்ஸ் ரிட்டயர்டு ஆளுங்க இருப்பாங்க. ராயபுரம் காசிமேடு பக்கம்னா ஹார்பர், கடல் தொழில். ராயப்பர் கோவிலே படகுக்காரங்க சமூகம் எழுப்பின கோவில் தான. பொம்பளைங்கள்ல பாதி வாழ்க்கை தலையில மீன் கூடை தூக்கினவங்க, நாலு வீட்டுல குனிஞ்சு தரை துடைச்சவங்க.

அந்த மில்லு தாத்தாக்கு காது ஏன் கேக்கலன்னா வயசு மட்டும் காரணம் இல்ல. தறி ஓடுற ஷெட்டுல, பாய்லர் ஷாப்ல வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு முதல்ல போறது உச்ச ஸ்தாயி சத்தம், வயசானா போறதும் அதே தான், ரெண்டும் சேந்துடுது. விளைவு என்னன்னா ஆ, ஓ மாதிரி உயிரெழுத்து சத்தம் நல்லா கேக்கும், ச, த, க மாதிரி மெல்லிசான ஒலிகள் காதுல விழாது. அதனால தான் அவங்க "சத்தம் கேக்குது, இன்னா சொல்றாருன்னு தான் புரில"னு சொல்றாங்க. நாம உடனே மைக் வால்யூமை ஏத்துறோம். ஏத்தினா அந்த ஆ ஓ தான் இன்னும் இரைச்சலாகும், உயரமான கூரை வெச்ச பழைய கோவில்னா எதிரொலி வேற, ஷீட் போட்ட சின்ன சபைன்னா டிரம்ஸ் சத்தம் எங்கயும் போக வழி இல்லாம மண்டையில வந்து உக்காரும். காது மெஷின் போட்டிருந்தா அது எல்லா சத்தத்தையும் சேத்து பெருசாக்கும், அவரு கழட்டி பாக்கெட்டுல வெச்சுப்பாரு, அடுத்த மாசம் வெளி திண்ணையில உக்காருவாரு, அதுக்கு அடுத்த மாசம் வர மாட்டாரு.

இதுக்கு பெரிய செலவு எதுவும் இல்ல. முன்னாடி ரெண்டு பெஞ்ச், பிரசங்கம் பண்றவர் வாய் அசையறது தெரியுற மாதிரி, அவங்களுக்குன்னு விடணும், சீஃப் கெஸ்டுக்கு இல்ல. ஆம்ப்ல பேஸ் குறைச்சு குரல் தெளிவா வர்ற மாதிரி செட்டிங் பண்ண சவுண்டு தம்பிக்கு சொல்லணும், கொஞ்சம் நிதானமா பேச பாஸ்டருக்கு சொல்லணும் (இது தான் கஷ்டமான பகுதி). அன்னைக்கு படிக்கிற வேத பகுதியும் பாட்டும் பெரிய எழுத்துல ஒரு தாள்ல அடிச்சு குடுத்துட்டா காதுல விட்டது கண்ணுல கிடைக்கும். புரொஜெக்டர் வந்ததும் பாட்டு புத்தகத்தை தூக்கி உள்ள வெச்சுட்டோம், கேட்டராக்ட் இருக்குற கண்ணுக்கு ஜன்னல் வெளிச்சத்துல அந்த ஸ்கிரீன் வெறும் வெள்ளை. மனப்பாடமா தெரிஞ்ச கீர்த்தனை ஒண்ணாவது ஒவ்வொரு வாரமும் இருக்கணும், அதை பாட அவங்களுக்கு ஸ்கிரீனும் வேணாம் புத்தகமும் வேணாம்.

காது விஷயம் வெளிய தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு, யாரும் வாயைத் தொறந்து சொல்ல மாட்டாங்க. பாத்ரூம். பிபிக்கும் இதயத்துக்கும் குடுக்குற மருந்துல நீர் பிரியுற மாத்திரை இருக்கும், காலையில போட்டா அடுத்த சில மணி நேரத்துக்கு அடிக்கடி போக வேண்டி வரும், சரியா ஆராதனை நேரம். நம்ம பல சபைகள்ல கழிவறை பின்பக்கம், ரெண்டு படி இறங்கி, இந்தியன் டைப், பிடிச்சுக்க கம்பி கிடையாது, சாவி கோவிலைப் பாத்துக்குற கோவில்பிள்ளை கிட்ட. முட்டி மடக்க முடியாத ஒரு ஆயா அங்க போய் என்ன பண்ணும்? அதுக்கு ரெண்டு வழி தான், ஞாயித்துக்கிழமை மாத்திரையை முழுங்காம வரணும், இல்ல சர்ச்சுக்கு வராம இருக்கணும். ரெண்டும் நடக்குது. "இன்னா ஆயா, சர்ச்சு பக்கமே காணோம்"னு கேட்டா "முட்டி வலிமா, கர்த்தர் வீட்டுலயே என் கூட கீறாரு"னு பதில் வரும், நாமளும் நல்ல சாட்சின்னு தலையாட்டிட்டு வந்துடுவோம். முட்டி வலி பாதி நிஜம், மீதி பாதி அந்த கழிவறை. அதை சொல்லவும் வைக்கணும்னா கேக்குறது ஒரு பொம்பளை ஆளா, தனியா, அவசரம் இல்லாம உக்காந்து கேக்குற ஆளா இருக்கணும். ஒரு வெஸ்டர்ன் கம்மோடு, ரெண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத தரை, ஆராதனை முடியுற வரைக்கும் தொறந்தே இருக்குற கதவு. ஆலய பிரதிஷ்டை பண்டிகைக்கு சீரியல் லைட் போடுற காசுல முடிஞ்சுடும்.

படிக்கட்டு விஷயமும் அப்படித்தான். வாசல்ல சறுக்கு பாதை வெச்சுட்டா முடிஞ்சுதுன்னு நினைக்குறாங்க, ஆனா பழைய கோவில்கள்ல பலிபீடத்துக்கும் ஏறணும், திருவிருந்துக்கு கம்பி பக்கத்துல முழங்கால் போடணும். முழங்கால் போட முடியும், எழுந்திரிக்க தான் முடியாது, பின்னாடி வரிசை நிக்கும்போது ரெண்டு பேர் அக்குள்ல கை குடுத்து தூக்குறது அந்த தாத்தாக்கு எவ்ளோ கூச்சமா இருக்கும். கொண்டு போய் பெஞ்சுல குடுத்துடலாம், பல ஆயர்கள் குடுக்குறாங்க, ஆனா கேட்டா குடுப்போம்னு வெச்சிருக்கறதால கேக்குறதுக்கு வெட்கப்பட்டு விட்டுடுறாங்க, அதனால ஒவ்வொரு தடவையும் அறிவிப்பாவே சொல்லிடணும். பெந்தெகொஸ்தே சபைகள்ல முக்கா மணி நேரம் நின்னு ஆராதிக்கிறது, பாய் போட்டு தரையில உக்காருறது, ரெண்டுமே கஷ்டம். பிபி மாத்திரை போடுறவங்களுக்கு உக்காந்து எழுந்த உடனே பிரஷர் இறங்கி கண் இருட்டும், விழுந்தா இடுப்பெலும்பு. சேர் போட்டு உக்காந்து பாடுறது விசுவாச குறைச்சல் கிடையாதுன்னு மேடையில இருந்தே ஒருத்தர் சொல்லணும், அதுவும் அவரே உக்காந்துகிட்டு சொன்னா இன்னும் நல்லது.

உபவாச ஜெபத்தையும் இங்கயே சொல்லிடுறேன், இது உயிர் போற விஷயம். இன்சுலின் போடுறவங்க, சுகருக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்குறவங்க அதை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் தடால்னு இறங்கும். வேர்த்து கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், ஆள் மயங்கும். ஜெப கூட்டத்துல இது நடக்கும்போது சுத்தி நிக்குறவங்க வேற ஏதோ நடக்குதுன்னு இன்னும் சத்தமா ஜெபம் பண்ணிட்டு இருப்பாங்க. சுகர் மாத்திரை எடுக்குறவங்க டாக்டர் கிட்ட கேக்காம உபவாசம் வேணாம்னு தெளிவா சொல்லணும், ஜெப அறையில சர்க்கரை கரைச்ச தண்ணி எப்பவும் இருக்கணும். சுகம் கிடைச்சாச்சு மாத்திரையை நிறுத்துன்னு யாராவது சொன்னா, அவரு எவ்ளோ பெரிய ஊழியக்காரரா இருந்தாலும், அந்த சபை கமிட்டி அவரைக் கூப்ட்டு பேசணும். என் நிலைப்பாடு இதுல கொஞ்சம் கறார் தான்.

வர்ற வழிக்கு வருவோம். எம்டிசி பஸ்ல சென்னையில இருக்குற அறுபது தாண்டினவங்களுக்கு மாசம் பத்து இலவச டோக்கன், 2016-ல இருந்து இருக்கு. நாலு ஞாயிறு போக வர எட்டு டோக்கன் போய்டும், மிச்சம் ரெண்டுல ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய் வரலாம். பொம்பளைங்களுக்கு சாதாரண பஸ் ஃப்ரீ, அதனால இந்த கணக்கு தாத்தாங்களுக்கு தான் உதைக்கும். திருவொற்றியூர், காலடிப்பேட்டை பக்கம் இருக்குறவங்களுக்கு 2021 பிப்ரவரில விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது பெரிய வசதி, ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு, ஆனா டிக்கெட் எடுக்குற மெஷினும் எஸ்கலேட்டரும் பயமுறுத்துது. வாலிபர் ஐக்கியத்து பசங்க ரெண்டு வாரம் கூட போய் பழக்கி விட்டா மூணாவது வாரம் அவங்களே வருவாங்க. மெட்ரோ இல்லாத இடத்துக்கு வேன் வாங்கலாம்னு கமிட்டியில பேச ஆரம்பிச்சா அது மூணு வருஷம் பேச்சாவே ஓடும், ஃபண்டு, கொட்டேஷன், யாரு பேர்ல ஆர்சி... அதுக்கு சபையிலயே ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர் இருப்பாரு, ஞாயிறு காலையில ரெண்டு டிரிப்புக்கு பேசி மாசா மாசம் சபையில இருந்தே குடுத்துடுங்க. ஏறும்போது கைப்பிடிச்சு ஏத்தவும் மாடி படியில இறக்கி விடவும் கூட ஒரு ஆள் வேணும், அது ஆட்டோக்காரர் வேலை இல்ல.

மாடின்னு சொன்னதும் ஹவுசிங் போர்டு பிளாக்குங்க ஞாபகம் வருது. பழைய பிளாக்ல லிஃப்டே கிடையாது, புதுசா கட்டின உயரமான பிளாக்ல லிஃப்ட் நின்னா நின்னது தான். இடிச்சு கட்டுறோம்னு காலி பண்ண சொன்னா வேற ஏரியால வாடகைக்கு போறாங்க, சிலரை பெரும்பாக்கம் கண்ணகி நகர்னு ஊரு அந்த பக்கமே அனுப்பிட்டாங்க. அவங்க பேரு இன்னும் நம்ம ரெஜிஸ்டர்ல தான் இருக்கு. அங்க பக்கத்துல இருக்குற ஒரு சபையோட ஆயருக்கு போன் போட்டு எங்க ஆயா ஒருத்தங்க உங்க தெருவுல இருக்காங்க, கொஞ்சம் போய் பாருங்கன்னு சொல்றதுக்கு ஈகோ மட்டும் தான் தடை.

வீடு சந்திக்க போறதுக்கும் ஒரு முறை இருக்கு. நாம போறது எப்படின்னா எட்டு பேரு, ஒரு கிட்டார், பத்துக்கு பத்து ரூம்ல நெருக்கி நின்னு மூணு பாட்டு, ஒரு நீண்ட ஜெபம், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு போட்டோ, கிளம்பு. ஆயா ஒரு வார்த்தை பேசியிருக்காது. பக்கத்து வீட்டுல கைக்குழந்தை தூங்கிட்டு இருந்திருக்கும். வட சென்னை வீடுங்கள்ல எல்லாரும் ஒரே மதமாவும் இருக்க மாட்டாங்க, அம்மா சர்ச்சு, மகன் மாலை போட்டிருப்பாரு, மருமக அவங்க பழக்கம், அந்த வீட்டுல தான் அந்த ஆயா தினமும் சோறு சாப்பிடணும், நம்ம சத்தத்துக்கு நாம போன அப்புறம் அவங்க தான் பேச்சு வாங்கணும். ரெண்டு பேர் போங்க, அதுல ஒருத்தர் பொம்பளை. மருமகளை முதல்ல விசாரிங்க. அரை மணி நேரம் அவங்க பேசட்டும், பேச்சுல மாத்திரை தீந்தது, பல்லு செட் உடைஞ்சது, மகன் போன் பண்ணாதது எல்லாம் தானா வரும். ஜெபம் சின்னதா போதும். வாரா வாரம் அதே ரெண்டு பேர் போறது தான் முக்கியம். கத்தோலிக்கர்ல முதல் வெள்ளி அன்னைக்கு நோயாளிங்க வீட்டுக்கு நற்கருணை (அவங்க திருவிருந்து) எடுத்துட்டு போற பழக்கம் பல பங்குகள்ல இருக்கு, நாள் குறிச்ச வேலைங்கறதால தவறாம நடக்கும், மத்த சபைகளும் இப்படி ஒரு நாளைக் கட்டிப் போட்டுடுறது நல்லது.

காசு விஷயத்துல ஒரு கோடு போட்டே ஆகணும். சந்திக்க போறவங்க ஏடிஎம் கார்டை கையில வாங்கக்கூடாது, பின் நம்பர் கேக்கக்கூடாது, கடன் வாங்கவும் கூடாது குடுக்கவும் கூடாது. நல்ல பையனா இருந்தாலும் தான். நாளைக்கு கணக்குல ஆயிரம் ரூபாய் குறைஞ்சா அந்த ஊழியமே அன்னைக்கோட காலி.

இதுவரைக்கும் சொன்னதுல எல்லாம் வயசானவங்க வாங்குற ஆளாவே இருக்காங்க, அது எனக்கே ஒப்பல. அறுபத்தி ரெண்டும் எண்பத்தி ஏழும் ஒரே கூட்டம் கிடையாது, நடுவுல ஒரு தலைமுறை இருக்கு. ஐசிஎஃப்-ல அக்கவுண்ட்ஸ் பாத்து ரிட்டயர் ஆனவரை முதியோர் ஐக்கியத்துல உக்கார வெச்சு கை தட்டி விளையாட்டு சொல்லிக் குடுத்தா அவரு ரெண்டாவது வாரம் வர மாட்டாரு, வரவும் கூடாது. அவருக்கு வேலை குடுங்க. மத்திய அரசு, ரயில்வே பென்ஷன்காரங்க நவம்பர்ல உயிர்வாழ் சான்று குடுக்கணும், எண்பது தாண்டினவங்க அக்டோபர்லயே குடுக்கலாம், இப்ப போன்ல முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண்ங்கற டிஜிட்டல் சான்று பண்ணிட முடியும், கட்டில்ல படுத்திருக்கறவர் பேங்க்குக்கு போக வேணாம். இவரும் போன் தெரிஞ்ச ஒரு பையனும் சேந்து வீடு வீடா போனா ஒரு மாசத்துல முடிஞ்சுடும். மில்லு, கம்பெனி ஆளுங்களுக்கு பிஎஃப் ஆபீஸ்ல இருந்து வர்ற ஈபிஎஸ் பென்ஷன், அது குறைஞ்சபட்சம் ஆயிரம் ரூபாய்னு 2014-ல நிர்ணயம் பண்ணது, அவங்களுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை இந்த சான்று வேணும். யாரும் இல்லாதவங்களுக்கு அரசாங்க முதியோர் உதவித்தொகை இருக்கு, 2023 ஆகஸ்ட்ல ஆயிரத்துல இருந்து 1200 ஆச்சு, தாலுகா ஆபீஸ் அலையணும். பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வர்ற மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல ஆரம்பிச்சது, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு பிசியோதெரபியும் அதுல உண்டு, ஆனா பேரு சேக்காத ஆயாங்க நிறைய. இதெல்லாம் ஊழியமான்னு கேட்டா, அன்றாட விசாரணைன்னு அப்போஸ்தலர்ல சொன்னது வேற என்னன்னு நான் திருப்பிக் கேப்பேன்.

படிச்ச ரிட்டயர்டு டீச்சரம்மா ஓய்வு நாள் பள்ளி பசங்களுக்கு வசனம் சொல்லித் தரலாம், நடக்க முடியாத ஆயா போன்ல பத்து பேரை காலையில கூப்ட்டு எழுந்தாச்சான்னு விசாரிக்கலாம். இந்த போன் வேலை சாதாரணமா தெரியும், ஆனா தனியா இருக்குறவங்க பாத்ரூம்ல விழுந்து ராத்திரி பூரா கிடக்குறது நடக்குது, காலையில ஏழு மணிக்கு ஒருத்தங்க கூப்ட்டு எடுக்கலன்னா எட்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டுவாங்க. பெரும் மழைக்கும் அதே லிஸ்ட் தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தண்ணி நின்னப்போ, எண்ணூர்ல எண்ணெய் கலந்த தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்போ, முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது எந்த வீட்டு தரைத்தளத்துல நடக்க முடியாதவங்க இருக்காங்கங்கறது தான். அது எழுத்துல இருந்தா அக்டோபர் கடைசியிலயே மாத்திரை பத்து நாளைக்கு வாங்கி வெச்சாச்சான்னு கேட்டு டிக் போட்டுடலாம்.

மறதி நோய் வந்த வீடுங்களைப் பத்தி சபையில யாரும் பேசுறதே இல்ல. தாத்தா பேரு மறந்துட்டாரு, ராத்திரி எழுந்து ஷிஃப்டுக்கு கிளம்புறாரு, மருமக மேல திருட்டு பழி போடுறாரு. இதை பிசாசு பிடிச்சதா நினைச்சு எண்ணெய் தடவ கூட்டிட்டு வர்றவங்களும் உண்டு. முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவுலயே முதல் தனிப்பிரிவு 1978-ல நம்ம ஜிஹெச்-ல (சென்னை அரசு பொது மருத்துவமனை) தான் வந்தது, 2024-ல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல முதியோருக்குன்னே பெரிய ஆஸ்பத்திரியும் தொறந்தாச்சு, அங்க கூட்டிட்டு போக ஒரு ஆள் வேணும். இந்த வீடுங்கள்ல ஊழியம் தேவைப்படுறது தாத்தாவை விட அந்த மருமகளுக்கு. வாரத்துல ரெண்டு மணி நேரம் யாராவது ஒருத்தர் வந்து தாத்தா பக்கத்துல உக்காந்து பழைய பாட்டு பாடிட்டு இருந்தா (எல்லாம் மறந்தவங்களுக்கும் சின்ன வயசுல பாடினது கடைசி வரைக்கும் கொஞ்சம் நிக்கும்) அந்த பொண்ணு கடைக்கு போய்ட்டு வரும், இல்ல தூங்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, சோறு போடாத வீடு, அடிக்கிற வீடு, வீட்டை எழுதி வாங்கிட்டு வராண்டாவுல படுக்க வைக்கிற வீடு. இங்க ஆயர்கள் பொதுவா சமாதானம் பண்ணி வெச்சுட்டு வந்துடுவாங்க, மகனும் சபையில டீக்கனரா, ஒரு பொறுப்புல இருப்பாரு, யாரு பகைச்சுப்பா. 2007 சட்டம் ஒண்ணு இருக்கு, பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம், அதுல ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுத்தா மாசா மாசம் ஜீவனாம்சம் வாங்கலாம், பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக்குடுத்த சொத்தை பாத்துக்கலன்னா ரத்து பண்ணவும் அதோட 23-ம் பிரிவுல வழி இருக்கு. அதனால பத்திரம் எழுதறதுக்கு முன்னாடியே அந்த நிபந்தனையை எழுதச் சொல்லி ஒருத்தர் காதுல போடணும், அதுக்கு சபையில இருக்குற வக்கீல் பிரதர் வருஷத்துக்கு ஒரு மணி நேரம் பேசினா போதும். 14567 மூத்த குடிமக்கள் ஹெல்ப்லைன், நம்பரை வாராந்திர தாள்ல பெரிய எழுத்துல போட்டு வெச்சா கேக்காமலேயே தெரிஞ்சுப்பாங்க.

கடைசியா சந்தா. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது சின்ன விஷயம், உள்ள இருக்கறவங்களுக்கு ராத்திரி தூக்கம் போற விஷயம். ரெண்டு வருஷம் சந்தா கட்டல, அதனால சர்ச்சு பக்கம் போக வெட்கம், போகாததால இன்னும் ஏறுது, அப்படியே செத்துட்டா சபையில அடக்கத்துக்கு லெட்டர் குடுக்க மாட்டாங்களோ, காசிமேடு கல்லறையில இடம் கிடைக்காதோ, அடக்கத்துக்கு ஆயர் வரமாட்டாரோன்னு ஒரு பயம். இதை மகன் கிட்டயும் சொல்லாது அந்த ஆயா, மகன் சம்பளம் எவ்ளோன்னு அதுக்கு தெரியும். சில சபைகள்ல பாக்கி இருந்தா நிஜமாவே அடக்கத்தன்னைக்கு கணக்கு நோட்டு வெளிய வருது, துக்க வீட்டுல வெச்சு பேரம். நான் கமிட்டியில இருக்குற யாரைப் பாத்தாலும் முதல்ல இதைத் தான் சொல்றது. எழுபது தாண்டினவங்களுக்கு சந்தா கிடையாது, பழைய பாக்கி தள்ளுபடி, அடக்க ஆராதனைக்கும் லெட்டருக்கும் சந்தாவுக்கும் சம்மந்தம் இல்லன்னு தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல எழுதுங்க. டிரெஷரர் கணக்கு கேப்பாரு, கேக்கட்டும், அவங்க குடுக்குற சந்தா மொத்த வரவுல எவ்ளோன்னு அவரையே பாக்க சொல்லுங்க. விருப்பப்பட்டு குடுக்குறவங்க காணிக்கையா குடுப்பாங்க, நிறைய பேர் குடுக்கவும் செய்வாங்க. தீர்மானத்தை ஆலயத்துல வாசிச்சா மட்டும் பத்தாது, யாருக்காக போட்டோமோ அவங்க அங்க இருக்க மாட்டாங்க, அதனால லிஸ்ட்ல இருக்குற ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ரெண்டு பேர் போய், தாளைக் கையில குடுத்து, காதுல விழுற மாதிரி படிச்சும் காட்டிட்டு வரணும்.